மதியத் தூக்கம் பற்றிப் பெரியப்பா கேட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்குத் தம்பி மகன் பணிவுடன் எழுதிக்கொள்வது:

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே தாங்களும், பெரியம்மாவும், போன மாதம் படி இறங்கும்போது தகராறு செய்த தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறோம். தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. "குழந்தை மதியத் தூக்கத்தை விட்டாச்சா, இல்லையா? ஒரே வரியில் பதில் எழுது. கீழ்க்கடைக்குத் தச்சர் காத்திருக்கிறார்" என்று கேட்டிருந்தீர்கள். தங்கள் கடிதமே இரண்டரை வரிதான். கையெழுத்தைச் சேர்த்தால் மூன்று.

ஒரே வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாகிவிட்டது. என் பிழைப்பு தங்களுக்குத் தெரியும். துணி துவைக்கும் இயந்திரம், முடி உலர்த்தும் இயந்திரம் இவற்றோடு பெட்டிக்குள் வரும், யாரும் பிரித்துப் படிக்காத கையேட்டை எழுதுகிறவன் நான். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து "மூடியைத் திறக்கவும். பொத்தானை அழுத்தவும். ஈரக் கையால் தொட வேண்டாம்" என்று மூன்று நான்கு சொல்லுக்குமேல் போகாமல் எழுதி எழுதி, அடக்கி வைத்ததெல்லாம் கடிதம் என்று வந்தால் கொட்டிவிடுகிறது. தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியம்மாவை விட்டுப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்கள் நடுவில் மடித்து வைக்க மாட்டார்கள்.

முதலில் நடந்ததை முதலில் சொல்கிறேன். என் மனைவியான தங்கள் மருமகள் ஓட்டுவது காலை முதல் பஸ். மூன்றரைக்கு எழுந்து, நாலரைக்கு டிப்போவிலிருந்து வண்டியை எடுத்தால், வீடு வந்து சேரப் பன்னிரண்டரை ஆகிவிடும். மகள் பல் முளைத்து இரவெல்லாம் அழுத காலத்தில் ஒரு நாள் அப்படி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "சிக்னல்ல நிக்கும்போது கண்ணு மூடிருச்சுங்க. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சதும்தான் முழிச்சேன். அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் பெரியப்பா, இன்னும் விடவில்லை. மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை தங்களுடைய இந்தக் கட்டடத்தில் சத்தம் போடாமல் இருக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நான் தூங்கணும்னு ஊரையே வாயை மூடச் சொல்லாதீங்க. எனக்குக் கூச்சமா இருக்கு. கேட்டே ஆகணும்னா குழந்தை பேரைச் சொல்லிக் கேளுங்க" என்றாள். குழந்தையும் அந்த நேரத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தது, ஆகவே பொய்யும் இல்லை.

சாதாரண ஆளாக இருந்தால் வாயால் கேட்டிருப்பான். நான் கையேடு எழுதினேன். "மதிய அமைதி: பயன்படுத்துவோர் கையேடு", எட்டுப் பக்கம், படங்களுடன். மாடிப்படியில் எப்படி இறங்குவது, வாளியை எப்படி வைப்பது, கதவை எந்த விரலால் சாத்துவது என்று எல்லாம் இருக்கும். எங்களுக்குக் கீழே முதல் மாடியில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் டிரம்பெட் மாஸ்டருக்கும் தையல் அக்காவுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். படி முகப்பில் ஒரு அட்டை தொங்கவிட்டேன். ஒரு பக்கம் "தூங்குகிறாள்", மறுபக்கம் "எழுந்தாச்சு". நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையில் நான் எழுதிய கையேடுகளில் ஜனங்கள் படித்து, அதன்படி நடந்தது அது ஒன்றுதான். தையல் அக்கா ஒன்று முதல் மூன்றுவரை மெஷினை மூடிவிட்டுக் கையால் பட்டன் தைத்தார்கள். மாஸ்டர் டிரம்பெட் வாயில் துண்டை அடைத்துக்கொண்டார். காலியாக இருந்த கீழ்க்கடையைத் தச்சர் கேட்டபோது, அவருடைய அறுப்பு மெஷின் சத்தத்தை உத்தேசித்துத் தாங்களே "பாப்பா தூக்கத்தை விட்டதும் தருகிறேன்" என்று சொல்லி வைத்தீர்கள். எல்லாம் நல்லபடி நடந்தது. ஒரே ஒரு குறை. எந்த இயந்திரமானாலும் முதலில் இயக்கும் முறை, கடைசியில் நிறுத்தும் முறை என்று எழுத வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு ஹீட்டருக்குக்கூட நான் அதை மறந்ததில்லை. இதற்கு மறந்துவிட்டேன். எட்டுப் பக்கத்தில் நிறுத்தும் முறை எங்குமே இல்லை.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜர் என்பது மகள்தான். ஒரு வயதிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பார்வையிட்டதால் அவள் அம்மா வைத்த பெயர். அவளைப் போல ஒழுங்காகத் தூங்கிய குழந்தை இந்தத் தெருவிலேயே கிடையாது. ஒரு மணிக்குப் படுக்கையில் விட்டால், என் இடது காது மடலைப் பிடித்துக்கொண்டு ஒன்று ஐந்துக்கெல்லாம் கண்ணை மூடிவிடுவாள். காது மடல் கையில் இல்லாமல் தூங்க மாட்டாள். பிடி தளர்ந்ததும் மெல்ல உருவிக்கொண்டு வந்து நான் வேலையைப் பார்ப்பேன். இரண்டு வயது ஏழு மாதத்தில் தகராறு ஆரம்பித்தது. முதலில் நாற்பது நிமிடம் படுத்துக்கொண்டு பாடினாள். அடுத்த வாரம் தலையணை உறையைக் கழற்றிக் காலில் மாட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டாள். தூங்கின நாளில் நாலரைவரை அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டு, இரவு பத்து மணிக்கு "விளையாடலாமா?" என்பாள். தூங்காத நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கே அவளுக்கு உலகம் பிடிக்காமல் போய்விடும். தண்ணீரை நீல டம்ளரில் கொடுத்தால் சிவப்பு கேட்டு அழுவாள். சிவப்பில் ஊற்றினால் நீலத்தை ஏன் எடுத்தாய் என்று அழுவாள். கடைசியில் தட்டிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போவாள். துடைத்து எடுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டும்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். தையல் அக்காவிடம் சொல்லிக் கறுப்புத் துணியில் திரை தைத்துச் சன்னலை மூடினேன். மேனேஜர் அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டு "நான் எங்கே?" என்றாள். தள்ளுவண்டியில் வைத்துத் தெருவை நாலு சுற்றுச் சுற்றினேன். தூங்கினாள். வீட்டுப் படியில் மூன்றாவது படி ஏறும்போது எழுந்தாள். நான் எழுதிய முடி உலர்த்திக் கையேட்டையே படித்துக் காட்டினேன். அதைக் கேட்டுத் தூங்காத ஆள் கிடையாது என்று எங்கள் ஆபீஸில் பெயர். அவள் எழுந்து உட்கார்ந்து, "ஈரக் கையால தொட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். அன்று மதியம் முழுக்க அதற்குத்தான் பதில் சொன்னேன். ஒரு நாள் மருமகளின் கடைசி நடையில் பஸ்ஸிலேயே ஏற்றிப் பார்த்தேன். இன்ஜின் உறுமின உறுமலில் இரண்டாவது நிறுத்தத்துக்குள் தூங்கிவிட்டாள். இறங்கினதும் முழித்துக்கொண்டாள். சத்தத்தில் தூங்கி அமைதியில் முழிக்கிற பிள்ளை, யாரைக் கொண்டு பிறந்ததோ தெரியவில்லை. டாக்டரிடம் காட்டினேன். "ஓடுறாளா, சாப்பிடுறாளா, சிரிக்கிறாளா? அப்போ தூக்கம் போதுமானது. சில பிள்ளைங்க இந்த வயசிலேயே விட்டுடும். ராத்திரி சீக்கிரம் படுக்க வையுங்க. அவ்வளவுதான்" என்றார். அவரும் தங்களைப் போலச் சுருக்கமாகப் பேசுகிறவர்.

சரி, விட்டாச்சு. அன்றைக்கே அட்டையைத் திருப்பி "எழுந்தாச்சு" என்று போட்டிருக்க வேண்டும். திருப்பத்தான் படியிறங்கினேன். திருப்பினால் கீழே அறுப்பு மெஷின் வரும். மாஸ்டர் துண்டை எடுத்துவிடுவார். மருமகள் தூக்கம் போச்சு. சிக்னல் ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆக, பெரியப்பா, தினமும் ஒன்று முதல் மூன்றுவரை மருமகள் உள்ளறையில் தூங்குகிறாள், தூங்குவதாக அட்டையில் போட்டிருக்கிற ஆள் என்னோடு சமையலறையில் இருக்கிறாள்.

எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்பீர்கள். நாற்காலிக் காலுக்கெல்லாம் பழைய சாக்ஸ் போட்டுவிட்டேன். கரண்டிகளைத் துணியில் சுற்றியாயிற்று. உருளைக்கிழங்கைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைப்பது, பிறகு சிறிதிலிருந்து பெரிதாக வைப்பது, துவைத்த துணியில் ஜோடி சேர்ப்பது என்று வேலை கொடுப்பேன். பேச்செல்லாம் குசுகுசுப்புதான். மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனது சமையலறையோடு நிற்கவில்லை என்பதுதான் சங்கடம். பூங்காவில் சறுக்குமரத்தில் முன்னால் நிற்கிற பையன் காதில் போய் "கொஞ்சம் நகருங்க" என்று குசுகுசுக்கிறாள். அந்தப் பையன் பயந்து அழுகிறான். பால் பூத்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தொண்டையில எதாவது பிரச்சினையா சார்?" என்று விசாரித்தார். எனக்கே சந்தேகம் வந்து அதே டாக்டரிடம் மறுபடி போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எங்கே, ஆ...ன்னு சத்தமா கத்து பார்ப்போம்" என்றார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, "கத்தக் கூடாது. அம்மா தூங்குறாங்க" என்று சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

போன வாரம் படியில் டிரம்பெட் மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கையேடு நாலாம் பக்கம் என்ன சொல்லுது? தூங்கும் குழந்தைக்குக் கீழே டிரம்பெட் ஊத வேண்டாம்னு சொல்லுது. சரி. நேத்து தெருவுல வந்துட்டிருக்கேன், ஒண்ணேமுக்கால் மணி, தூங்குற குழந்தை சன்னல்ல நின்னு எனக்குக் கை காட்டுது. அது எந்தப் பக்கத்துல வருது?"

"அது வந்து மாஸ்டர், தூக்கத்துல நடக்கிற பழக்கம்."

"கையில பிஸ்கட் இருந்துச்சே?"

"தூக்கத்துல சாப்பிடவும் சாப்பிடுவா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "ரெண்டு வருஷமாத் துண்டை அடைச்சு ஊதுறேன் தம்பி. இப்பல்லாம் துண்டு இல்லாம ஊதினா எனக்கே யாரோ ஊதுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகும் துண்டை எடுக்கவில்லை. மனிதர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தச்சர் அதைவிட நல்லவர், அதுதான் அதைவிடக் கஷ்டம். வாரா வாரம் வந்து கடையை டேப் வைத்து அளக்கிறார். போன வாரம் அளந்த அதே கடைதான். அளந்துவிட்டு, செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, மேலே வந்து விரல் நுனியால் கதவைத் தட்டி, "பாப்பா இன்னும் தூங்குதுங்களா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். போன தடவை நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் மேனேஜரே போய்க் கதவைத் திறந்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்து, "உஷ்... நான் தூங்குறேன்" என்று அவரிடம் சொன்னாள். அவரும் "சரிம்மா, நல்லாத் தூங்கு" என்று குசுகுசுத்துவிட்டு, நுனிக்காலில் இறங்கிப் போனார். அதன் பிறகுதான் தங்களுக்கு எழுதியிருப்பார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நேற்று நடந்தது. மேனேஜர் அடுக்கிலிருந்து உருவினாள், அது விளிம்பில் நின்று சுற்ற ஆரம்பித்தது. எவர்சில்வர் தட்டு சுற்றுவதைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். முடியும்போதுதான் சத்தம் அதிகமாகும். நான் ஒரு பக்கம் பாய்ந்தேன், அவள் ஒரு பக்கம் பாய்ந்தாள், அது மேஜைக்கடியில் போனது, நான் தலையை இடித்துக்கொண்டேன். கத்த முடியாது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, "அப்பா, மெதுவா அழுங்க" என்றாள். பிறகு உள்ளறையில் எட்டிப் பார்த்தேன். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. தூக்கத்தில்கூட உடம்பு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறது போல. எனக்கு மனசு கேட்கவில்லை பெரியப்பா.

சாயங்காலமாவது அவளுக்கு ஓய்வு உண்டா என்றால் அதுவும் இல்லை. தூக்கத்தை விட்டதிலிருந்து மேனேஜர் ஏழரைக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். படுக்க வைக்கப் போகிற அம்மா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. மகள் காதைப் பிடித்துக்கொண்டிருப்பாள் இல்லையா, உருவ முடியாமல் பாவம் அப்படியே இருட்டில் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். எனக்காவது உருவிப் பழக்கம். நான் பாத்திரத்தை விளக்கிவிட்டு, மதியம் விட்டுப்போன கையேட்டை எழுதி முடித்துப் படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. அது பெரிதில்லை. நான் யாரையும் ஏற்றிக்கொண்டு எங்கேயும் போவதில்லை. அவள் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஒருத்தியும் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்று ஆனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே தாங்கள் கேட்ட ஒரு வரிப் பதில்: ஆம், குழந்தை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டாள். நான் கேட்கிற ஒரு வரி: தயவுசெய்து கடையைத் தச்சருக்குக் கொடுக்காதீர்கள். மாஸ்டரிடமும் தையல் அக்காவிடமும் நானே போய் உண்மையைச் சொல்லி, காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்கிறேன். தச்சருக்கு வேறு இடம் பார்க்கத் தெருத் தெருவாக அலையவும் தயார். ஒன்று மட்டும், இதெல்லாம் மருமகளுக்குத் தெரியவே கூடாது. தன்னால் நாலு பேருக்குத் தொந்தரவு என்று தெரிந்தால் அன்றோடு மதியம் படுப்பதை நிறுத்திவிடுவாள். தங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலை மடக்காமல் உட்காரவும். தங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் என்றும் வேண்டும். அதில் மருமகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பவும்.

தங்கள் அன்பு மறவாத
தம்பி மகன்

பின்குறிப்பு (மருமகள் எழுதுவது):

பெரிய மாமாவுக்கும் பெரிய அத்தைக்கும் வணக்கம். எனக்குத் தெரியக் கூடாது என்று எழுதிவிட்டு, டிப்போ வாசலில் தபால் பெட்டி இருக்கிறது என்று என்னிடமே போடக் கொடுத்திருக்கிறார். உறையை ஒட்டவும் மறந்துவிட்டார். கடைசிப் பக்கத்தை மறப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

மாமா, நான் இரண்டு மாதமாக மதியம் தூங்குவதே இல்லை. தேவையும் இல்லை. சாயங்காலம் ஏழரைக்கு மகளோடு படுத்தால் மூன்றரைக்குத்தான் எழுகிறேன், எட்டு மணி நேரம். காது ஒன்றும் மாட்டிக்கொள்ளவில்லை. அவள் தூங்குவதற்கு முன்னால் நான் தூங்கிவிடுகிறேன். அதற்கு முன்பும் இந்த அமைதியில் எனக்குச் சரியாகத் தூக்கம் வந்ததில்லை. டிப்போவில் நாலு பஸ் உறுமும்போது பெஞ்சில் பத்து நிமிடம் படுத்தால் அப்படி ஒரு தூக்கம் வரும். மகள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று கேட்டிருக்கிறாரே, என்னைக் கொண்டுதான். அவர் அந்த எட்டுப் பக்கத்தையும் எனக்காக உட்கார்ந்து எழுதியபோது எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

இப்போது மதியம் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு பேரும் குசுகுசுப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இந்தக் கிழங்குக்கு அம்மா எது?" "அந்தப் பெரிசு." "அது தூங்குதா?" "தூங்குது, மெதுவாப் பேசு." தட்டு விழுந்த அன்று சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அதைத்தான் தோள் குலுங்கியது என்று எழுதியிருக்கிறார். வேலைக்குப் போகிறவளுக்கு வீட்டில் பகலில் என்ன நடக்கிறது என்று கேட்கக் கிடைப்பதே அபூர்வம் மாமா. நான் முழித்திருக்கிறேன் என்று தெரிந்தால் இரண்டு பேரும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கடையைத் தச்சருக்கே கொடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று அவரிடம் நான் கேட்டேன். ஒன்று முதல் மூன்றுவரை மெஷினை நிறுத்திவிட்டு, மணல்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையை வைத்துக்கொள்கிறாராம். இதை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் எப்போதோ வந்திருப்பேனே என்றார். மாஸ்டரைத் துண்டை எடுத்துவிட்டு ஊதச் சொல்லிவிட்டேன். டிரம்பெட் ஊதினால் என் வீட்டுக்காரர் எனக்காகப் பதறி இன்னும் மெதுவாகப் பேசுவார், நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

அவருக்கு மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம். தாங்கள் எழுதப்போகும் ஒரு வரி "தச்சர் மதியம் மெஷின் போட மாட்டார், குழந்தை தூங்கட்டும்" என்று இருந்தால் போதும். கையேட்டில் விட்டுப்போன பக்கத்தை நானே எழுதிவிட்டேன். நிறுத்தும் முறை: மகள் பள்ளிக்கூடம் போகும் அன்று தானாக நிற்கும், அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம்.